ஆறு கணக்கு தப்பு, காரணம் ஒன்றுதான்!

குழந்தை விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டியதும் நம் கண் முதலில் எங்கே போகிறது? சிவப்பு மையில் போட்டிருக்கும் மார்க்குக்குத்தானே! அடுத்த கேள்வி, "எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு?"

சகோதரிகளே, அந்த மார்க் சொல்வது கொஞ்சம்தான். உள்ளே இருக்கும் தப்புகளைப் பாருங்கள், நிறையச் சொல்லும்.

என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கழித்தல் கணக்கில் பத்துக்கு நாலு வாங்கியவள், பேப்பரைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துவிட்டாள். "இவளுக்குக் கணக்கே வராதுக்கா" என்று தங்கை அலுத்துக்கொண்டாள். நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 52-இல் 27 போனால் 35. 81-இல் 36 போனால் 55. தப்பான ஆறும் இதே மாதிரி!

"எப்படிம்மா போட்டே?" என்றேன்.

"2-லேருந்து 7 போகாதே பெரியம்மா! அதான் 7-லேருந்து 2-ஐக் கழிச்சேன்."

கடன் வாங்கத் தேவையில்லாத நாலு கணக்கும் சரி. கடன் வாங்குவது மட்டும் புரியவில்லை. சின்னக் குழந்தைகள் பல பேர் செய்கிற தவறுதான் இது. ஈர்க்குச்சித் துண்டுகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டால் கட்டி, 5 கட்டும் 2 உதிரியும் கொடுத்து, "இதிலே 27 எடு, பார்க்கலாம்" என்றேன். உதிரி போதாதென்று தெரிந்ததும் அவளே ஒரு கட்டை அவிழ்த்தாள். திட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

பாராட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, "புத்திசாலி" என்று பெயர் வாங்கியவர்களே அதிகம் துவண்டு போனார்கள். தாங்கள் வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்!

மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மேல்படிப்புக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் வீட்டில் சில பழக்கங்களை வைத்துக்கொள்ளலாமே.

மார்க்கைக் கேட்குமுன், "எந்தக் கேள்வி கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். தப்பானதில் ஒன்றை எடுத்து, "எப்படிப் போட்டே?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ஒரு விடையைச் சொந்த வார்த்தையில் விளக்கச் சொல்லுங்கள். புரிந்து எழுதியதா, நெட்டுருப் போட்டதா என்று தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நம் கூடத்தில் மட்டும் ரேங்க் பட்டியல் எதற்கு? "தெரியலேம்மா" என்று பயமில்லாமல் சொல்கிற குழந்தைக்குத்தான் நாம் சொல்லிக் கொடுக்க முடியும்.