தூக்கத்தில் இருந்தது யார்?

போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கிறது சிலமலை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. விடியுமுன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏறுகின்றன. கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப அழைத்து வருகின்றன. நாளெல்லாம் செடிக்கடியில் குனிந்து காய் எடுத்த உடம்பு, ராத்திரி பாயில் விழுந்தால் அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். மறுநாள் கேட்டால் பதில் இப்படித்தான் வரும்: "நல்லா அசந்து தூங்கிட்டேன், ஒண்ணுமே தெரியல."

போகிற போக்கில் சொல்கிற பேச்சு. ஆனால் இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவவாதிகள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால், நன்றாகத் தூங்கியது மட்டும் எப்படித் தெரிந்தது? எதுவும் தெரியாமல் கிடந்த அந்த நேரத்துக்குச் சாட்சி யார்?

இந்தக் கேள்வியில் அத்வைதத்துக்கு மற்றவர்களைவிட அதிகப் பங்கு உண்டு. அறிகிற உணர்வு ஒன்றே என்கிறது அது. அந்த உணர்வு பிறப்பதுமில்லை, அணைவதுமில்லை. உடம்பும் மனமும் அதில் தோன்றி மறைகிறவை. உங்களிடமும் என்னிடமும் இருப்பது அந்த ஒன்றே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அணையாத விளக்கு என்று சொல்லிவிட்டால், தினமும் ராத்திரி சில மணி நேரம் அது அணைந்த மாதிரி இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். "சாஸ்திரத்தில் இருக்கிறது, நம்பு" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மரபின் மூல நூல்களே அப்படிப் பேச்சை முடிக்க விடவில்லை என்பதுதான் சுவாரசியம்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கதை. மூப்பும் சாவும் இல்லாத ஆத்மாவை அறிந்தவன் எல்லாம் பெறுவான் என்று பிரஜாபதி அறிவிக்கிறார். தேவர்கள் சார்பில் இந்திரனும் அசுரர்கள் சார்பில் விரோசனனும் போய் 32 ஆண்டு மாணவர்களாகத் தங்குகிறார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் உன்னைப் பார், அதுதான் ஆத்மா என்கிறார் ஆசிரியர். விரோசனனுக்குப் பரம திருப்தி. ஊருக்குப் போய், உடம்பே ஆத்மா என்று பிரசாரம் ஆரம்பித்துவிடுகிறான். இந்திரனோ பாதி வழியில் நின்றுவிடுகிறான். உடம்புக்குக் கண் போனால் ஆத்மாவுக்கும் கண் போகுமே? திரும்பி வருகிறான். இன்னொரு 32 ஆண்டு. கனவில் உலவுவதுதான் ஆத்மா என்கிறார் பிரஜாபதி. மறுபடி பாதி வழியில் சந்தேகம்: கனவிலும் பயப்படுகிறோம், அழுகிறோமே? திரும்பவும் 32 ஆண்டு. கனவில்லாத ஆழ்ந்த தூக்கம்தான் ஆத்மா என்கிறார். அதற்கு இந்திரனுக்கு எழும் ஆட்சேபம்தான் கதையின் உச்சம். அந்த நிலையில் ஒருவனுக்கு 'நான் இன்னான்' என்றுகூடத் தெரியாது. அவன் அழிந்தே போனதுபோலல்லவா இருக்கிறது? இதில் எனக்கு என்ன லாபம்?

மூன்று தடவை ஆசிரியரின் பதிலை ஏற்காமல் திரும்பி வந்தவனை நூல் கண்டிக்கவில்லை. முதல் பதிலோடு கிளம்பிப் போன விரோசனன்தான் கதையில் ஏமாந்தவன். இந்திரன் இன்னும் ஐந்து ஆண்டு இருந்து, மொத்தம் 101 ஆண்டு கழித்துத்தான் கடைசிப் பதிலைக் கேட்கிறான். வேத நூலுக்குள்ளேயே, வேதம் கற்பிப்பவரின் விடை போதாது என்று சொல்லும் மாணவன்தான் தேறுகிறான்.

அதே உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சோதனையும் உண்டு. மனம் உணவால் ஆனது என்கிறார் உத்தாலகர். மகன் சுவேதகேது பன்னிரண்டு ஆண்டு வேதம் படித்துவிட்டுத் தலைக்கனத்தோடு வந்தவன். பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி என்கிறார் அப்பா. பதினாறாம் நாள் வேதத்தைச் சொல் என்றால் ஒரு வரிகூட நினைவு வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறான், எல்லாம் திரும்புகிறது. இன்றைய அளவுகோலில் பார்த்தால் ஒரே ஒரு ஆள், ஒப்பீட்டுக் குழு இல்லை, ஆய்வாளரே தகப்பனார். எந்த ஆய்விதழும் ஏற்காது. ஆனாலும் அவர் எடுத்தது சரியான வழி. ஒன்றைச் சொன்னார், அதை மாற்றிப் பார்த்தார், மாறியதா என்று கவனித்தார். வேதமே தலையில் நிற்பதற்குச் சோறு வேண்டும் என்று வேத நூலே காட்டுவதில் ஒரு குறும்பும் இருக்கிறது.

எல்லாம் இப்படித் திறந்த மனதோடு இருந்தது என்று சொன்னால் பொய். பிருகதாரண்யக உபநிடதத்தில் கார்க்கி என்ற பெண் அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போகும்போது, இதற்கு மேல் கேட்டால் உன் தலை விழும் என்கிறார் முனிவர் யாக்ஞவல்கியர். ஆதிசங்கரரிடமும் இரண்டு முகம் உண்டு. தீ குளிரும் என்று நூறு வேத வாக்கியம் சொன்னாலும் அது பிரமாணமாகாது என்று கீதை உரையின் கடைசி அத்தியாயத்தில் எழுதியவர் அவர். அனுபவத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அதே சங்கரர், வெறும் தர்க்கம் பிரம்மத்தை எட்டாது, வேதமே வழி என்றும் சொன்னார். அந்த வேதத்தைக் கேட்கும் உரிமை சூத்திரருக்கு இல்லை என்று பிரம்ம சூத்திர உரையில் வாதாடினார். எல்லோரிலும் இருப்பது ஒன்றே என்று சொல்லிவிட்டு, அதைக் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோரை வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம் என்று கேட்காமல் அத்வைதத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் எண்ணம்.

தமிழில் அந்த வாசலைக் கொஞ்சம் அகலத் திறந்தது தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். குருவும் சீடனும் பேசிக்கொள்வதாக அமைந்த அந்த நூலில் இரண்டே படலங்கள். இரண்டாவதன் பெயரே சந்தேகம் தெளிதற் படலம். நூலில் பாதியை மாணவனின் சந்தேகங்களுக்கே ஒதுக்கிய துணிச்சலை நம் பாடநூல்களில் நான் பார்த்ததில்லை. இன்று தேனிப் பக்கத்தில் வேதாந்தம் தமிழில் கேட்கக் கிடைக்கிறது என்றால், வேதபுரி ஆசிரமத்தில் சுவாமி ஓங்காரானந்தர் நடத்திய வகுப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு.

நூலே இல்லாமல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர் ஒருவரும் நம் பக்கத்தில் இருந்தார். சிலமலையெல்லாம் மதுரை ஜில்லாவில் இருந்த காலம். 1896 ஜூலையில் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதுப் பள்ளிப் பையன் வேங்கடராமனை நோய் எதுவும் இல்லாமலே மரண பயம் பிடித்தது. பையன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, உடம்பு செத்தால் சாவது எது என்று தனக்குள் பார்த்தான். பெரியபுராணம் வாசித்திருந்தான், உபநிடதமோ சங்கரரோ அப்போது அவனுக்குத் தெரியாது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அவர், மற்றவர்கள் கொண்டுவந்து காட்டிய புத்தகங்களில், தனக்கு நடந்ததற்குப் பெயர் இருப்பதைக் கண்டார். 1902இல் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும், பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களும்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. வருகிறவர்களிடம் அவர் திரும்பத் திரும்ப எடுத்தது தூக்கத்தைத்தான்: தூக்கத்திலும் நீ இருந்தாயல்லவா, அப்போது உன் துன்பம் எங்கே போயிற்று?

இந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்பார் ஒரு நையாயிகர், அதாவது நியாய மரபின் தர்க்கவாதி. இருந்தேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காலையில் எழுந்து பார்க்கிறோம், வாசல் நனைந்திருக்கிறது. ராத்திரி மழை பெய்திருக்கிறது என்கிறோம். மழையைப் பார்த்தோமா? இல்லை, ஊகித்தோம். அதுபோல எழுந்ததும் உடம்பு தெளிவாக இருக்கிறது, நேற்றிரவுக்கும் இப்போதைக்கும் நடுவே எதுவும் நினைவில் இல்லை; ஆகவே நன்றாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்று ஊகிக்கிறோம். சாட்சியும் வேண்டாம், அணையாத விளக்கும் வேண்டாம்.

அத்வைதி விடமாட்டார். நினைவில்லை என்பதால் அறியவில்லை என்று எப்படி முடிவு கட்டலாம்? நேற்று நடந்த வழியில் எத்தனையோ புல்லைப் பார்த்தீர்கள், ஒன்றாவது நினைவிருக்கிறதா? பார்க்கவே இல்லை என்றாகுமா? ஆகவே உங்கள் ஊகத்துக்கு அடிப்படை இல்லை. "ஒண்ணுமே தெரியல" என்பது ஊகமல்ல, நினைவு. நினைவென்றால் அதற்கு முன் ஓர் அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

யார் ஜெயித்தார்கள் என்று அந்தக் காலத்தில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. தூங்குகிறவரிடம் கேட்க முடியாது, கேட்டால் விழித்துவிடுவார். இந்தச் சிக்கலோடுதான் தூக்க ஆய்வகமும் மோதுகிறது.

தலைத் தோலின்மேல் மின்வாய்களை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால், விழிப்பில் சின்னச் சின்ன வேக அலைகள் தெரியும். ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் பெரிய, மந்தமான அலைகள். கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கணம் மௌனமாகி, மறு கணம் ஒன்றாக இயங்குவதால் வரும் அலை அது. 2005இல் மார்செல்லோ மாஸிமினி, ஜூலியோ டொனோனி முதலியோர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சோதனை செய்தார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையின் ஓர் இடத்தைத் தட்டினார்கள். விழித்திருப்பவரிடம் அந்தத் தட்டல் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. கனவற்ற தூக்கத்தில் தட்டிய இடத்திலேயே அடங்கிப்போனது. பகுதிகள் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நான் இன்னான் என்றுகூடத் தெரியாது என்று இந்திரன் முறையிட்ட நிலை, கருவியில் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரிகிறது.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தால் 2017 வருகிறது. பிரான்செஸ்கா சிக்லாரியும் டொனோனியும் கூட்டாளிகளும் 256 மின்வாய்களை மாட்டி, ஆட்களை இரவில் பல தடவை எழுப்பி, எழுப்பிய கணத்துக்கு முன் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டார்கள். பதில்கள் மூன்று வகை. கனவு கண்டேன், இதுதான் என்றவர்கள் ஒரு வகை. ஒன்றும் இல்லை என்றவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை விசித்திரமானது: ஏதோ இருந்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. மந்த அலைத் தூக்கத்திலிருந்து எழுப்பியபோதும் அனுபவம் இருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அப்போதெல்லாம் மூளையின் பின்பகுதியில் மந்த அலை குறைந்திருந்தது. தூக்கம் என்றால் உணர்வில்லை என்ற சமன்பாடு அங்கே உடைந்தது.

புல் வாதத்துக்கு ஆபரேஷன் தியேட்டரிலும் ஒரு சாட்சி இருக்கிறது. மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பார்கள், ஆளால் அசைய முடியாது. அது கொடுக்கும் முன் ஒரு கையில் பட்டை இறுக்கிக் கட்டிவிட்டால் தளர்த்தும் மருந்து அந்தக் கைக்குப் போகாது. பிறகு, "கேட்கிறதென்றால் என் கையை அழுத்துங்கள்" என்பார்கள். 2017இல் 260 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தபோது, ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் அழுத்தினார். இப்படி அழுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு அதெல்லாம் நினைவில் இருப்பதில்லை. நினைவில்லாததால் அறிவே இருக்கவில்லை என்று ஊகிக்கக் கூடாது என்ற பழைய வாதம் இங்கே நிற்கிறது.

ஆனால் நிற்பது அவ்வளவுதான். நினைவில்லாமலும் உணர்வு இருக்கலாம் என்பது ஒன்று. எப்போதும் இருந்தே தீரும் என்பது வேறொன்று. முதலாவதற்குச் சான்று இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. கனடாத் தத்துவவாதி எவான் தாம்சன் 2014இல் எழுதிய நூலில் இந்தப் பழைய விவாதத்தைத் தூக்க ஆய்வோடு பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். அவரும் கனவற்ற தூக்கத்தில் நுண்ணிய உணர்வு இருக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அது மூளைக்கு அப்பாற்பட்டது என்று தாவவில்லை. மேடையில் குவாண்டம் இயற்பியல் அத்வைதத்தை நிரூபித்துவிட்டது என்று முழங்குகிறவர்கள் இந்த நிதானத்தைப் படித்துக்கொள்ளலாம். குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை மதித்தவர்தான். 1944இல் வெளிவந்த 'உயிர் என்றால் என்ன' நூலின் பின்னுரையில் உணர்வு ஒன்றே என்ற கருத்துக்கு வந்து சேர்கிறார். அதைத் தன் சொந்தத் தத்துவ நோக்கு என்று பிரித்துச் சொன்னாரே தவிர, தன் சமன்பாட்டிலிருந்து வந்த முடிவு என்று சொல்லவில்லை.

ஒரு கருத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்குச் சிலமலைக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2015இல் ஒப்புதல் கொடுத்தது. மக்கள் எதிர்ப்பிலும் வழக்கிலும் அது நின்றது. மலைக்கு என்ன ஆகும், தண்ணீருக்கு என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டதும் நேர்மையான கேள்விகளே. நான் சொல்ல வருவது துகளைப் பற்றி. எதையும் தொடாமல் கடந்துபோகும் ஒன்று இருக்க வேண்டும் என்று 1930இல் இயற்பியலாளர் பாலி சொன்னபோது அது வெறும் ஊகம். 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் கண்டுபிடிக்கும் வரை 26 ஆண்டு இயற்பியலாளர்கள் காத்திருந்தார்கள். கருவி இன்னின்னதைக் காட்டாவிட்டால் நாங்கள் சொன்னது தவறு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள அவர்களால் முடிந்தது. எது நடந்தால் சாட்சி இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று அத்வைதியிடம் கேட்டால் பதில் வருவது கடினம். சாட்சி எதற்கும் பார்க்கப்படும் பொருளாகாது என்பது அவருடைய கொள்கையின் அடித்தளம். கொள்கையைக் காக்கும் அந்த வரையறையே அதைச் சோதிக்க முடியாமலும் ஆக்குகிறது.

ஒரு பேச்சுக்கு, ஆழ்ந்த தூக்கத்திலும் உணர்வு அணைவதில்லை என்று நாளைக்கே நிரூபணமானாலும் பாதிக் கிணறுதான் தாண்டியாகிறது. என்னிடம் அணையாதது எதுவோ அதுவேதான் உங்களிடமும் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. சாங்கியத் தத்துவ மரபினர் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். ஆத்மா ஒன்றென்றால் ஒருவர் பிறக்கும்போது எல்லோரும் பிறக்க வேண்டும், ஒருவர் சாகும்போது எல்லோரும் சாக வேண்டும். அப்படி நடக்காததால் ஆத்மாக்கள் பல என்றது சாங்கிய காரிகை. பேதமெல்லாம் உடம்பிலும் மனத்திலும்தான், உணர்வில் இல்லை என்பது அத்வைதத்தின் பதில். அப்படியானால் உடம்பையும் மனத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை ஒன்று என்றோ பல என்றோ எதை வைத்து எண்ணுவது என்பது சாங்கியரின் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு இன்றுள்ள எந்த ஆய்வகத்திலும் கருவி இல்லை.