பாட்டு ஓடுகிறது, கணக்கு யார் கையில்?

2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’, சினிமாவைச் சாராத தமிழ்ப் பாட்டும் உலகம் சுற்றும் என்று காட்டியது. மூன்றாண்டு கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நியாயம் யார் பக்கம் என்பது சம்பந்தப்பட்டவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. சொந்தமாகப் பாட்டு வெளியிடும் மற்றவர்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எத்தனை கோடி பேர் கேட்டார்கள் என்பதை ஊரே பார்க்கலாம். பணமோ, கணக்கும் ஒப்பந்தமும் யார் பெயரில் உள்ளனவோ அவரிடம்தான் முதலில் போய்ச் சேரும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

பாட்டின் புள்ளிவிவரம் காட்டும் ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’, ‘ஆப்பிள் மியூசிக் ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’, யூடியூப் ஸ்டுடியோ ஆகிய மூன்றும் இலவசம். பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு ஸ்ட்ரீமாக எண்ணும். ‘மாத ரசிகர்கள்’ என்பது கடந்த 28 நாளில் கேட்ட தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை. ஒரு பெரிய பிளேலிஸ்ட்டில் இடம் கிடைத்தால் அது ஏறும், அங்கிருந்து எடுத்துவிட்டால் இறங்கும். அதை மட்டும் நம்பிக் கச்சேரிக்கு அரங்கம் பிடிக்கக் கூடாது.

மொத்த ஸ்ட்ரீமை ரசிகர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 10,000 பேர் ஆளுக்கு ஒருமுறை கேட்ட பாட்டைவிட, 2,000 பேர் ஆளுக்கு ஐந்துமுறை கேட்ட பாட்டுக்கே எதிர்காலம் அதிகம். எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள், தங்கள் சொந்தப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஊர்வாரிப் பட்டியலில் கோயம்புத்தூரோ கோலாலம்பூரோ மாதக்கணக்கில் மேலே நின்றால், அடுத்த நிகழ்ச்சியை அங்கே யோசிக்கலாம். பாட்டின் எந்த இடத்தில் ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்பதை யூடியூப் வரைபடம் காட்டிவிடும். முன்னிசை நீளமா என்ற சந்தேகத்துக்கு அதில் விடை உண்டு.

விலைக்கு வரும் ஸ்ட்ரீம்

12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது. அந்த எண்ணைத் தொடுவோமா என்ற புதியவர்களின் கவலையைக் குறிவைத்தே, ‘இவ்வளவு கொடுத்தால் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி’ என்று செய்திகள் வருகின்றன. நம்ப வேண்டாம். போலி ஸ்ட்ரீமுக்குப் பணம் வராது. அப்பட்டமான மோசடி தெரிந்தால், உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஸ்பாட்டிஃபை கட்டணம் விதிக்கும். அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே நீக்கவும் செய்யலாம். ஏஐ மூலம் உருவாக்கிய பாட்டுகளைப் போலிக் கணக்குகளில் ஓடவிட்டு 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர்மீது குற்ற வழக்கே பாய்ந்தது.

நீங்கள் பணம் கொடுக்காமலேயே உங்கள் பாட்டு போலிப் பிளேலிஸ்ட்டில் சிக்கலாம். சம்பந்தமில்லாத ஓர் ஊரிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் வந்து, சேமித்தவர் ஒருவரும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். உடனே திரைப்பதிவு எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் பழி உங்கள்மேல் விழலாம்.

ஒரு பாட்டு, இரண்டு உரிமை

ஒலிப்பதிவு ஒரு சொத்து. வரியும் மெட்டும் தனிச் சொத்து. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வருவது பொதுவாக ஒலிப்பதிவுக்கான பணம். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டியைத் திரட்டித் தருவது ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யாவிட்டால், ஸ்ட்ரீம் எவ்வளவு ஏறினாலும் அந்தப் பங்கு உங்களைத் தேடி வராது. பாடகர்களின் உரிமைக்கு இசாம்ரா (முன்பு இஸ்ரா) அமைப்பு உண்டு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண்ணைக் குறித்து வைத்திருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின், வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. மாறான ஒப்பந்தம் செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ‘என்றென்றும், உலகெங்கும்’ என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் இந்தக் கால, எல்லைப் பாதுகாப்பு போய்விடும்.

சிக்கல் வந்தால்

உங்கள் பாட்டை வேறொருவர் ஏற்றியிருந்தால், உரிமை விவரத்துடன் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்தில் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் அது திரும்ப வரக்கூடும் என்பதால் வழக்கறிஞரைத் தாமதிக்காமல் பாருங்கள். காப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கில் சான்றாக நிற்கும். விளம்பரம் செய்து தருவதாக இணையத்தில் பணம் பறித்தவர்மீது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி தருகிறது.

அடுத்த பாட்டை வெளியிடுமுன், கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கின்றனவா, வரி, மெட்டு, குரல், ஒலிக்கலவை என ஒவ்வொருவரின் பங்கும் சதவீதமாக எழுதிக் கையெழுத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். நண்பர்களுக்குள் எழுத்தெதற்கு என்று கூச்சப்படாதீர்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது கடினம்.