செய்தி சேர்ந்தது, மனம் சேர்ந்ததா?

கைத்தொலைபேசி மனிதர்களைச் சேர்த்து வைக்கிறதா, பிரித்து வைக்கிறதா? தகவல் தொடர்பு பற்றிப் பேச்செடுத்தாலே எழும் கேள்வி இது. பழியைக் கருவியின் மேல் போட்டுவிடுவது எளிது. ஆனால், எந்தச் செய்தியை எந்த வழியில் சொல்கிறோம் என்பதில்தான் உறவின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கிறது.

கடிதமும் தந்தியும்

தொலைத்தொடர்பு நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1870ஆம் ஆண்டு வாக்கிலேயே சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தந்திக் கம்பி கடலடியில் போடப்பட்டது. ஆனாலும், தோட்டத் தொழிலாளிக்குத் தந்தி சுலபத்தில் எட்டக்கூடியதாக இல்லை. சொல்லுக்குச் சொல் காசு. மரணச் செய்திக்கும் பெரும் அவசரத்துக்கும் மட்டுமே தந்தி கொடுப்பார்கள். தந்தி வந்திருக்கிறது என்றாலே, அதைப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

மற்றதெல்லாம் கடிதம்தான். எழுதத் தெரியாதவர்கள் தோட்டத்துக் கிராணியிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சொல்லி எழுதச் செய்வார்கள். ஊருக்குக் கப்பலேறுபவரின் கையிலும் கடிதம் கொடுத்தனுப்புவார்கள். பதில் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆகவே, மனத்தில் இருப்பதை யோசித்துச் சொன்னார்கள். வந்த கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பிரிட்டனில் 1992 டிசம்பர் 3ஆம் தேதி முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 2009இல், புலனம் என்று நாம் அழைக்கும் வாட்சாப் வந்தது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வாரக்கணக்கில் இருந்த காத்திருப்பு நொடிக்கணக்காகச் சுருங்கியது. அதோடு, யோசிக்கும் நேரமும் சுருங்கியது.

'சரி' என்ற ஒரு சொல்

"இந்த வாரம் வர முடியாதும்மா" என்று மகன் செய்தி அனுப்புகிறான். "சரி" என்று தாயிடமிருந்து பதில் வருகிறது. அது சம்மதமா, வருத்தமா, கோபமா? நேரில் சொல்லியிருந்தால் அந்த 'சரி'யை இழுத்த விதத்திலேயே புரிந்திருக்கும். திரையில் தெரிவது எழுத்து மட்டும்தான்.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு இதைச் சோதித்தது. கேலியாகவும் உண்மையாகவும் சில வாக்கியங்களை மின்னஞ்சல் வழியாகவும் குரல் வழியாகவும் தெரிவிக்கச் சொன்னார்கள். இரண்டு வழியிலுமே தாங்கள் சொல்வது சரியாகப் புரிந்துவிடும் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். குரலைக் கேட்டவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசி வாக்கியங்களைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். மின்னஞ்சலைப் படித்தவர்களுக்கோ பாதிக்குச் சற்று அதிகமான வாக்கியங்களே சரியாகப் புரிந்தன. எழுதுபவர் தம் குரலை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். படிப்பவருக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பும் பழக்கம் இன்னொரு சிக்கல். 'பழம்', 'பலம்', 'பாலம்' மூன்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். எது என்று ஊகிக்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலிலும் மற்றொன்று காமத்துப்பாலிலும் வருகிறது. அரசவையானாலும் காதலானாலும், சொல்லாததையும் முகத்தில் படிக்கத் தெரிய வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. முகமே தெரியாத இடத்தில் எந்தக் குறிப்பை அறிவது?

நீலக் குறி

2014 நவம்பரில் வாட்சாப்பில் நீலக் குறி அறிமுகமானது. செய்தி படிக்கப்பட்டதா என்று தெரிவிக்க வந்த வசதி அது. ஆனால், "படித்துவிட்டாள், பதில் போடவில்லை" என்ற புதிய குற்றச்சாட்டையும் அது வீட்டுக்குள் கொண்டு வந்தது. படித்தவர் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். அந்த விவரத்தை நீலக் குறி சொல்வதில்லை. மௌனத்துக்கு நாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்கிறோம். பெரும்பாலும் கெட்ட பொருளை.

எல்லை மூடியபோது

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கருவியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் அந்தப் பக்கமே தங்க நேர்ந்தது. அரை மணி நேரத் தூரத்தில் வீடு இருந்தும் பலர் மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான் எல்லை முழுமையாகத் திறந்தது.

அந்த நாட்களில் அப்பாவின் முகத்தைக் குழந்தைக்குக் காட்டியது காணொளி அழைப்புதான். பெற்றவரின் இறுதிச் சடங்கைத் திரையில் பார்த்து அழுதவர்களும் உண்டு. அது போதவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதுவும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். போக முடியாதபோது தொழில்நுட்பம் ஒரு வரம். போக முடிந்தும் போகாமலிருக்க அது சாக்காகும்போதுதான் உறவு தேய்கிறது.

எதற்கு எது?

கல்யாண அழைப்பையே எடுத்துக்கொள்வோம். மண்டபத்தின் முகவரி, நேரம், போகும் வழி ஆகியவற்றைப் புலனத்தில் அனுப்பினால் எல்லாருக்கும் வசதி. ஆனால், தாய்மாமனுக்கும் வெறும் படமாக அழைப்பிதழை அனுப்பிவிட்டு, "அனுப்பினேனே, பார்க்கவில்லையா?" என்று கேட்டால், அவர் மண்டபத்துக்கு வராமல் போனாலும் வியப்பதற்கில்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு வீடு தேடிப் போவது, "நீங்கள் இல்லாமல் இது நடக்காது" என்று சொல்வதற்காகத்தான்.

இதையே பொது அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தகவலா? குறுஞ்செய்தி போதும். நலம் விசாரிப்பா? அழைத்துப் பேசுங்கள். மனத்தாங்கலா? தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் குரலைக் கேளுங்கள். முடிந்தால் நேரில் பாருங்கள். துக்கமா? கைகூப்பும் பொம்மைப் படத்தோடு நின்றுவிடாமல், ஒரு நாள் தாமதமானாலும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் காலை வணக்கப் படங்கள் தினமும் வந்து குவிகின்றன. அவர்கள் காத்திருப்பது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் ஒரு குரலுக்காக. அந்த அழைப்புக்கு இரண்டு நிமிடம் போதும்.