மே மாத வீடும் ஜூலை மாத வீடும்

தென்காசியில் குடும்பத்தோடு வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் கோடை லீவில், பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் மாறுவார்கள். அப்போது எந்த வீடும் நல்ல வீடுதான். சுவர் காய்ஞ்சு கிடக்கும், புதுசா வெள்ளை அடிச்சிருப்பாங்க. ஜூனில் சாரல் இறங்கிய பிறகுதான் சுவரின் குணம் தெரியும். குற்றாலம் பக்கம் போகப்போக இன்னும் மோசம்: அடிச்சுவரில் ஓதம் ஏறும், பெயின்ட் பொரியும், அலமாரிக்குள் பூஞ்சை பூக்கும், மரக்கதவு உப்பி நிலையில் பிடிக்கும்.

காலி பண்ணும்போது இதெல்லாம் யார் கணக்கு? மாத வாடகை என்றால் அட்வான்ஸில் கொஞ்சம் போகும். ஒத்திக்கு இருப்பவர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் வீட்டுக்காரர் கையில்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வாடகை தொடங்கியபோது இருந்த நிலையிலேயே வீட்டை வைத்திருக்கச் சொல்கிறது. இயல்பான தேய்மானம் மட்டும் நீங்கலாக. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடியெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சரி, 'தொடங்கியபோது இருந்த நிலை' எங்கே எழுதியிருக்கு? நான் பார்த்த பத்திரங்களில் 'ஃபேன் 3, டியூப்லைட் 4' என்பதோடு சரி. சுவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து வீட்டு வாடகை அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அங்கே தகராறு வந்தால் சேதத்தை நிரூபிப்பது வீட்டுக்காரர் வேலை. அதனால் குடிவரும் நாளில் பட்டியல் போடுவதில் அவருக்கே அக்கறை. நம்மூரில் பணம் அவரிடமே இருப்பதால் அந்த அக்கறை நமக்குத்தான் வர வேண்டியிருக்கு.

எனவே இரண்டு முறை பதிவு பண்ணுங்க. முதல் முறை சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன். பீரோ வந்துவிட்டால் அதுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் படத்தில் வராது. மேல்தளத்தின் மூலைகள், குளியலறையை ஒட்டிய சுவரின் மறுபக்கம், ஜன்னல் அடிப்பகுதி, மின்மீட்டர் ரீடிங் (இரண்டு மாதக் கணக்கில் பாதி முன்னாடி இருந்தவருடையதாக இருக்கும்). குழாயைத் திறந்து, கதவைச் சாத்தி வீடியோ எடுத்துக்கலாம்.

இரண்டாவது முறை முதல் சாரலில், ஓதம் தெரிந்த அன்றே. படங்களை வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பினால் தேதியும் அவர் பதிலும் சேர்ந்தே பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேர விவரத்தை நீக்கிவிடும். மூலப் படத்தைத் தனியாக வைத்திருங்கள். கூடவே சண்டை தொனி இல்லாமல் ஒரு வரி போதும்: "அண்ணாச்சி, மேற்குச் சுவர்ல ஓதம் ஏறுது, ஒரு எட்டு வந்து பாத்துக்கிடுங்க."