விரும்பிக் கேட்டவர்கள்

தனக்குப் பிடித்த ஒரு பாட்டைத் தான் மட்டும் கேட்டுத் திருப்தியடைந்து, அதைப் பற்றி யாரிடமும் வாய் திறவாமல் இருந்துவிடும் ரசிகர் உலகில் வெகு அபூர்வம்; மற்றவர்கள் எல்லோரும், தாம் இன்ன பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பக்கத்து வீட்டாருக்காவது அறிவித்த பிறகே அமைதி கொள்வார்கள். கைபேசியும் அதில் வைக்கும் 'ஸ்டேட்டஸ்' பாட்டும் வந்த பிறகு இளைஞர்களைப் பிடித்த சபலம் இது என்று பெரியவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இப்படிக் குறைப்படுகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு காலத்தில் வானொலி நிலையத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்து, சதுரகிரிக்கு ஏறும் பக்தர்களை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரவேற்று அனுப்பிக்கொண்டிருக்கும் வத்திராயிருப்பு போன்ற ஊர்களில், சினிமாப் பாட்டு முதலில் ஜனங்களுக்குப் பொதுச் சொத்தாகவே அறிமுகமாயிற்று. சொந்தமாக ரேடியோ வைத்திருந்த வீடுகள் சில. அந்த வீட்டாரும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் 15 ரூபாய் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே டீக்கடையில் பாடுவதுதான் ஊருக்குப் பாட்டு. கலியாண வீட்டுப் பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும், மார்கழி மாதத்தில் பொழுது புலருமுன் கோயிலிலிருந்து எழும் திருப்பாவையும் அப்படித்தான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்து, எம். எல். வசந்தகுமாரி பாடிய அந்தப் பாசுரங்களை, ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் சுற்றுவட்டாரத்தில் போர்வைக்குள் படுத்தபடியே கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். எல்லோர் காதிலும் ஒரே பாட்டு விழுகிறபோது, 'நான் இதைக் கேட்கிறேன்' என்று ஒருவன் சொல்லிக்கொள்ள இடமேது?

அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தது இலங்கை வானொலி. அதற்கு மறைமுகமாக உதவியவர் நம் மத்திய அமைச்சர் ஒருவர் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் அளவற்ற அபிமானம் கொண்டவர்; சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதியவர். அவருடைய காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகி, பின்னர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கடலுக்கு அப்பாலோ நிலைமை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தில் நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த ஒலிபரப்புச் சாதனம், யுத்தம் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. இங்கே கதவடைக்கப்பட்ட பாட்டுகள் அங்கிருந்து தென்மாவட்டங்களில் வந்து இறங்கின. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை பிறந்து, அரசாங்கம் ஒருவாறு சமாதானத்துக்கு வந்தபோது, தமிழ் ரசிகர்களின் செவி கொழும்பில் பழகிவிட்டிருந்தது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களும், காலை வேளையின் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியும் இங்குள்ள வீடுகளில் பெற்ற உரிமையைச் சொந்த பந்துக்களே பெற்றிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது 'நேயர் விருப்ப'த்தைப் பற்றி. பாட்டுக்கு முன்னே, அதை விரும்பி அஞ்சலட்டை எழுதியவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பார். ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்ப் பட்டியலே ஒரு நிமிஷத்துக்கு நீளும். குடும்பத் தலைவர் முதல் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரை எல்லோர் பெயரையும் எழுதி அனுப்புவது வழக்கமாதலால், பேச்சே வராத பச்சிளங்குழந்தை உருக்கமான காதல் பாட்டு ஒன்றை விரும்பிக் கேட்டதாக நாடு முழுவதும் அறிவிக்கப்படும், யாரும் சிரித்ததில்லை. அட்டை எழுதிப் பல நாள் கழித்தே, சில சமயம் பல வாரம் கழித்தே, முறை வரும். அதற்குள் எழுதியவருக்கு அந்தப் பாட்டில் மோகம் தணிந்து வேறொரு பாட்டு பிடித்திருக்கவும் கூடும். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அவர் காத்திருந்தது பாட்டுக்காக அன்று, பெயருக்காக. நல்ல பாட்டு எப்படியும் வேறொருவர் விருப்பத்தில் ஒலித்துவிடும். தன் பெயரும் தன் ஊரின் பெயரும் அதற்கு முன்னால் ஒலிப்பதுதான் அவர் முயன்று சம்பாதித்த பேறு.

இந்த ஆசை தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், அப்பிரகச் சுரங்கங்களுக்குப் பேர் போன வட்டாரத்தில், ஜும்ரி தலையா என்ற சிற்றூர் இருக்கிறது. ஹிந்திப் பாட்டுக் கேட்டு இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் அங்கிருந்து அட்டைகள் ஓயாமல் குவிந்ததனால், ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்களுக்கும் அதன் பெயர் தெரிந்திருந்தது. அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

ஒலிநாடா வந்ததும் காரியம் அந்தரங்கமாயிற்று. 60 நிமிஷக் காஸெட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு என்று கணக்கிட்டு, காகிதத்தில் வரிசையாக எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிச் சிநேகிதருக்குக் கொடுப்பார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில்தான் கொடுப்பவரின் மனம் முழுவதும் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் செவிக்கு அறிவித்த செய்தி ஒரே ஒருவருக்கு என்று சுருங்கிவிட்ட காலம் அது. அதே காலத்தில் பேருந்துகளிலும் டேப் ஏறிற்று. ஓட்டுநர் கேட்டதையே பிரயாணிகளும் கேட்டார்கள். நல்ல பாட்டுப் போடும் வண்டிக்காக, முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு நிற்கும் கல்லூரி மாணவர்களை நம் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்கள் நன்றாக அறியும்.

இப்போது கைபேசியின் முறை. 2017-இல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இன்றைய வடிவில் வந்தது; அதில் இடக்கூடிய காணொளிக்குப் பல காலம் 30 விநாடிதான் வரம்பு. அந்த வரம்பே ஒரு புதிய ருசியை உண்டாக்கியது: பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தின் உச்சியை மட்டும் வெட்டி வைப்பது, அல்லது பாடல் வரியே இல்லாமல் இடையிசையை மட்டும் வைப்பது. முழுப் பாட்டையும் ஒருதடவைகூடக் கேளாமல் அதன் 30 விநாடியை உயிராக நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 78 சுழல் இசைத்தட்டும் தன் பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் என்று வரம்பு போட்டுத்தானே நம் பாட்டின் நீளத்தைத் தீர்மானித்தது!

ஊர்ப் பெயரின் மேல் உள்ள ஆசையும் போய்விடவில்லை. வத்திராயிருப்புக்கு அடுத்த கூமாபட்டி, பிளவக்கல் அணையின் அழகைப் புகழ்ந்து உள்ளூர் இளைஞர் ஒருவர் வெளியிட்ட காணொளிகளால் 2025-ஆம் ஆண்டின் மத்தியில் தமிழ்நாடு முழுவதும் பிரஸித்தி பெற்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறிவிப்பாளர் ஒருவர் வாயால் தன் ஊர்ப்பெயரைக் கேட்பதற்காக வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், அறிவிப்பாளர் இல்லாமலே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு மாறுதலை மட்டும் நான் பெரிதாக மதிக்கிறேன். அன்று பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டை யார் யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. இன்று ஸ்டேட்டஸ் வைத்தவர் திரையை மேலே தள்ளிப் பார்த்தால், அதைப் பார்த்தவர்களின் பெயர்கள் நேரத்தோடு வரிசையாக நிற்கின்றன. பட்டியல் திசை மாறிவிட்டது. பாட்டை வைத்துவிட்டு, குறிப்பிட்ட ஒருவரின் பெயர் அதில் வந்துவிட்டதா என்று ராத்திரி முழுவதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்த விவரம் தெரியாதபடி தம் கைபேசியை மாற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் விடாமல் எல்லோர் பாட்டையும் பார்த்துவிடுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.