‘ஆமை ஏன் செத்துப்போச்சு?’ - குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

தை, மாசி மாதங்களில் சென்னைக் கடற்கரைக்குக் குழந்தையோடு காலை நடை போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மணலில் பெரிய ஆமை ஒன்று செத்துக் கிடக்கும். “அது தூங்குதாப்பா?” என்று பிள்ளை கேட்கும். “ஆமா, வா போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

2025 ஜனவரியில் அப்படி நகர்ந்துபோக முடியவில்லை. நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) இறந்து கரை ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பிள்ளைகளின் கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களே?

சொல்லித் தருகிறார்கள். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. ஆனால், சின்ன வகுப்புகளில் அது பெரும்பாலும் ஓவியப் போட்டியாகவே முடிகிறது. அழுகிற பூமி உருண்டையை வரைந்து பரிசு வாங்கும் பிள்ளைக்குத் தன் தெருக்கோடியில் உள்ள கடலில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

சிறு வயதிலேயே அழிவுக் கதைகளைக் கொட்டினால் குழந்தைகளுக்கு இயற்கைமீது அன்பு வராது, பயம்தான் வரும் என்று 1990-களிலேயே எச்சரித்தவர் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல். முதலில் பழகட்டும், சோகமெல்லாம் பிறகு என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால், செத்த ஆமை கண்ணெதிரே கிடக்கும்போது ‘பிறகு’ என்று சொல்ல முடியாதே!

என்ன சொல்லலாம்?

உண்மையை, சின்னதாக. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவைப் படகின் வலையில் சிக்கி வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்.

‘அப்போ மீன்காரங்க கெட்டவங்களா?’ என்பது அடுத்த கேள்வி. இங்கே கவனம் தேவை. கரையோரத்தில் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அதை மீறி வரும் படகுகளால் சிறு படகு மீனவர்களுக்கும் நஷ்டம்தான். அந்த வலையில் வரும் மீன் நம் வீட்டுக் குழம்புக்கும் வரலாம். இதையும் சொல்வதுதான் நேர்மை. சிக்கிய ஆமை வெளியேறுவதற்கு வலையிலேயே வழி வைக்கும் கருவி இருக்கிறது என்று சொன்னால், எட்டு வயதுப் பிள்ளை பேப்பர் எடுத்து அதை வரையத் தொடங்கிவிடும்.

வெளிச்சம் இன்னும் சுலபம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் இரவில் வெளிச்சமான பக்கம் நகரும். இயற்கையில் அது கடல் பக்கம். கரையில் விளக்குகள் எரிந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடும். வீட்டில் அறையை இருட்டாக்கி, ஒரு மூலையில் டார்ச்சைக் ‘கடல்’ என்று வையுங்கள். பிள்ளை அதை நோக்கித் தவழும்போது எதிர் மூலையில் பெரிய லைட்டைப் போடுங்கள். விளக்கமே வேண்டாம், பிள்ளையே புரிந்துகொள்ளும். அன்றிரவு மொட்டைமாடி லைட்டை அணைக்கச் சொல்லி நச்சரித்தால் திட்டாதீர்கள்.

உயிரோடு பார்க்க முடியுமா?

முடியும். சென்னையில் 1988 முதல் ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு’ இரவு நடை நடத்துகிறது. ஆமை முட்டையிட்ட இடத்தைத் தேடி, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் திரும்பப் புதைக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். குஞ்சு வர ஏறக்குறைய 45 முதல் 55 நாட்கள். விடிய விடிய நடப்பது சிறுபிள்ளைகளுக்குச் சரிப்படாது. பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூட்டிப்போகலாம்.

கையில் எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். கூடாது. குஞ்சுகள் மணலில் தாங்களாகத் தவழ்ந்துதான் போக வேண்டும். செல்போன் ஃப்ளாஷும் வேண்டாம், அதற்கு அடம்பிடிப்பது பெரும்பாலும் அப்பாக்கள்தான்.