மெட்டல் பாட்டுல வரி புரியணுமா?

மெட்டல் பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "ஒரு வார்த்தைகூடப் புரியலையே, அப்புறம் எதுக்கு வரி எழுதுறாங்க?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு விஷயம். மெட்டல்னாலே புரியாதுன்னு இல்லை. 1970-ல் வந்த பிளாக் சபாத்தோட முதல் ஆல்பத்தில் ஓசி ஆஸ்போர்ன் பாடுறது தெளிவாவே கேட்கும். 1984-ல் அயர்ன் மெய்டன் கோல்ரிட்ஜோட ஒரு நீளமான கவிதையை 13 நிமிஷத்துக்கு மேல போற பாட்டாக்கினாங்க. புரூஸ் டிக்கின்சன் குரல்ல அந்தக் கதையைத் தொடர்ந்து போக முடியும். வார்த்தை மங்க ஆரம்பிச்சது எண்பதுகளில், டெத் மெட்டல் மாதிரியான வகைகள் வந்தப்போதான்.

ஏன் மங்குது? சாதாரணமா பாடும்போது குரல் நாண்கள் சீரா அதிரும். க்ரோல் பண்ணும்போது பெரும்பாலும் அதுக்கு மேல இருக்கிற 'பொய்க் குரல் நாண்கள்' என்கிற மடிப்புகளும் சேர்ந்து அதிரும். சுருதி போய் கரகரப்பு வந்துடும். கூடவே டிஸ்டார்ஷன் கிட்டார் வேற அதே இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். காதுக்கு மிஞ்சுறது தாளம்தான். குரலும் இன்னொரு டிரம்ஸ் மாதிரி ஆயிடுது.

ஆனா சுத்தமா புரியாதுன்னும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டெத் மெட்டல் ரசிகர்களையும் மத்தவங்களையும் க்ரோல் குரலைக் கேட்கவெச்சு, எவ்வளவு வார்த்தை பிடிபடுதுன்னு பார்த்தாங்க. ரசிகர்களுக்குக் கூடுதலா பிடிபட்டுச்சு. கேட்கக் கேட்கக் காது பழகிடுது.

"எனக்கு சவுண்டு போதும், வரி எதுக்கு?"ன்னு நானும் ரொம்ப நாள் சொல்லிட்டுத் திரிஞ்சேன். காலேஜ்ல ஒரு பாட்டு, பேர் வேண்டாம். மூணு வருஷம் பஸ்ல, ஜிம்ல எல்லாம் அதுதான் ஓடும். ஒரு நாள் தங்கச்சி, "என்னதான் பாடுறான் இவன்?"னு கேட்டா. வரிகளைத் தேடி எடுத்து போனை அவகிட்ட நீட்டினேன். சத்தமா படிக்க ஆரம்பிச்சவ நாலாவது வரியில நிறுத்திட்டா. ஒரு பொண்ணைக் கொல்றதை ரசிச்சு ரசிச்சு எழுதியிருந்தாங்க. "இதையா அண்ணா இவ்ளோ நாளா கேட்டே?"

"எனக்கு வார்த்தை புரியலை"ன்னு சொன்னேன். உண்மைதான். ஆனா தேடிப் பார்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இது ஒரு பாட்டோட கதை மட்டும் இல்லை. கானிபல் கார்ப்ஸ் பேண்டோட முதல் மூணு ஆல்பத்துப் பாட்டுகளை ஜெர்மனி மேடைகளில் 2006 வரைக்கும் வாசிக்கத் தடை இருந்துச்சு. அந்தத் தடை சரியா தப்பான்னு தனியா ஒரு எபிசோடே போடலாம். ஆனா காதுல விழாத வரிகளும் காகிதத்தில் இருக்குங்கிறதுக்கு அது சாட்சி.

மறுபக்கமும் இருக்கு. பிரான்ஸைச் சேர்ந்த கோஜிராவோட 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்', 2005-ல் வந்தது. முதல் தடவை கேட்டா வெறும் உறுமல்னுதான் தோணும். வரிகளோட கேட்டா, அழிஞ்சுட்டு வர்ற பூமியும் திமிங்கலங்களும் தெரியும். அப்போ அந்த உறுமல் துக்கமா மாறும். அதையே இனிமையா பாடியிருந்தா இவ்வளவு வலிக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அதனால என் பதில் இதுதான். குரல் தெளிவா இருந்தே ஆகணும்னு இல்லை. வரி முக்கியம். இப்போ எந்தப் புது ஆல்பத்தையும் நான் ரெண்டு தடவை கேட்கிறேன்: முதல்ல சும்மா, அடுத்தது வரிகளைக் கையில வெச்சுக்கிட்டு. மூணாவது தடவை கேட்கணுமான்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்றேன்.

நீங்க ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கிற ஒரு பாட்டோட வரிகளை இன்னைக்கு எடுத்துப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.